ஒப்புக்குச் சப்பாணி, எண் 262

சின்ன வயதில் தெருவில் ஆட ஆள் பிரிப்போம் இல்லையா, இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்வார்கள், நன்றாக ஆடுகிறவன் எல்லாம் முதலில் போய்விடுவான், கடைசியில் ஒருவன் மிஞ்சுவான். அவனை யாரும் கேட்டு வாங்குவதில்லை. "சரி, நீ எங்க சைடு வா" என்று ஒரு கேப்டன் பெரிய மனசு பண்ணிச் சொல்வான். ஒப்புக்குச் சப்பாணி. நான் பலமுறை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிற அந்த அரை நிமிடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்கர்கள் இதே ஆள் பிரிக்கிற வேலையை மேடை போட்டு, டிவியில் மூன்று நாள் காட்டுகிறார்கள். பெயர் டிராஃப்ட். கல்லூரியில் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்க ஆட்டம்) ஆடி முடித்த பையன்களை 32 அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். ஐபிஎல் ஏலம் மாதிரி காசு போட்டிப் போட்டுக் கேட்பது கிடையாது. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு, இப்படி ஏழு சுற்று. 2022 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நடந்த டிராஃப்டில் மொத்தம் 262 பேர் எடுக்கப்பட்டார்கள். 262ஆவது பெயர் பிராக் பர்டி. எடுத்தது சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ்.

நான் இருப்பது சான்டா கிளாராவில். பெயரில்தான் சான் பிரான்சிஸ்கோ, அந்த அணியின் மைதானம் இருப்பது எங்கள் ஊரில்தான், டாஸ்மன் சாலையில், லைட் ரயில் போகிற வழியில். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை சிவப்புச் சட்டைக் கூட்டம் ரயிலில் பிதுங்கும், மளிகைக்கடைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ரொம்ப வருடம் எனக்கும் அந்த அணிக்கும் இருந்த ஒரே உறவு இந்த டிராஃபிக் எரிச்சல்தான். ஆட்டம் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஹெல்மெட் போட்ட மலைமாடுகள் ஐந்து வினாடி முட்டிக்கொள்வார்கள், பிறகு அரை நிமிடம் நின்று பேசுவார்கள், நடுவில் பீர் விளம்பரம். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். என்னை உட்கார்ந்து பார்க்க வைத்தது இந்த 262ஆவது பையன்தான், அதனால் இந்தக் கட்டுரை.

கடைசியாக எடுக்கப்படுகிற ஆளுக்கு அங்கே ஒரு பட்டமே இருக்கிறது, மிஸ்டர் இர்ரெலவன்ட் என்று. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற ஆசாமி. 1976இல் பால் சலாட்டா என்கிற முன்னாள் ஆட்டக்காரர் ஆரம்பித்த வேடிக்கை இது. எல்லாரும் முதல் ஆளைத்தான் கொண்டாடுகிறார்கள், கடைசி ஆளையும் கொண்டாடுவோமே என்று கிளம்பினார். கலிஃபோர்னியாவில் நியூபோர்ட் பீச்சுக்கு அந்தப் பையனை வரவழைத்து, ஒரு வாரம் விருந்து, பரிசு, கேலி. கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஹைஸ்மன் டிராஃபி என்று ஒன்று தருவார்கள், பந்தை இறுகப் பிடித்து ஓடுகிற வீரனின் சிலை. இவர்கள் தருவது லோஸ்மன் டிராஃபி, அதில் இருக்கிற வீரன் பந்தை நழுவ விடுகிறான்! இந்த விளம்பரம் எவ்வளவு பெரிதானது என்றால், 1979இல் இரண்டு அணிகள் 'நீ முதலில் எடு, நீ முதலில் எடு' என்று கடைசி இடத்துக்காகவே ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்று, லீக் தலைவர் தலையிட வேண்டியதாகிவிட்டது. இந்த சலாட்டா 1949, 1950 வாக்கில் இதே நைனர்ஸ் அணியில் ஆடியவர். 2021 அக்டோபரில் 94 வயதில் இறந்துபோனார். அரை வருடம் கூட இருந்திருந்தால் தன் பழைய அணி அந்தக் கடைசிப் பெயரை எடுத்ததைப் பார்த்திருப்பார்.

பர்டி 1999 டிசம்பர் 27 அன்று பிறந்தவர், அரிசோனாவில் குயின் கிரீக் என்கிற ஊர். அப்பா ஷான் பர்டி பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர். 1990களில் பல வருடம் மைனர் லீகில் எறிந்துகொண்டே இருந்தார், மேஜர் லீகுக்குக் கூப்பிடவே இல்லை. அக்கா சாஃப்ட்பால் ஆடினார், தம்பியும் பர்டி மாதிரியே குவார்ட்டர்பேக், அதாவது ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். எறிகிற கைகள் உள்ள வீடு. அப்பாவின் இந்த பேஸ்பால் விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பக்கத்து ஊரான கில்பர்ட்டில் பெர்ரி உயர்நிலைப் பள்ளியில் நன்றாகவே ஆடினார், மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது கூட வாங்கினார். ஆனாலும் பெரிய கல்லூரிகள் கடைசி நேரம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆறடி ஒரு அங்குலம். நமக்கு அது உயரம்தான், ஆனால் முன்னால் ஆறே கால் அடியில் ஐந்து தடுப்பாளர்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே பார்த்து எறிய வேண்டியவனுக்கு அது குள்ளம். கையில் வேகமும் சுமார். கடைசியில் சேர்ந்தது அயோவா ஸ்டேட், ஏம்ஸ் என்கிற ஊரில், சோளக்காட்டு நடுவில் இருக்கிற பல்கலைக்கழகம், ஃபுட்பாலில் காலம் காலமாகத் தோற்றுப் பழகிய இடம்.

அங்கே போன முதல் வருடம், 2018. முதல் ஆட்டத்திலேயே மெயின் குவார்ட்டர்பேக்குக்கு முழங்காலில் அடி. இரண்டாவது ஆள் வந்தார், சரியாகப் போகவில்லை. அக்டோபர் 6 அன்று ஓக்லஹாமா ஸ்டேட்டுக்கு எதிராக, வெளியூர் மைதானத்தில், கோச் மாட் கேம்ப்பெல் இந்த 18 வயதுப் பையனை இறக்கிவிட்டார். டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது. நான்கு டச்டவுன் எறிந்தார், ஒன்று தானே ஓடிப் போட்டார், 48-42 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர்தான். 12,000 யார்டுக்கு மேல் எறிந்தார். 2021 ஜனவரியில் ஃபியஸ்டா பவுல் என்கிற பெரிய கல்லூரி ஆட்டத்தில் ஆரிகன் பல்கலைக்கழகத்தை 34-17 என்று அடித்தது அந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே பெரிய வெற்றி. அந்த ஆட்டம் நடந்தது அரிசோனாவில், பர்டியின் சொந்த மாநிலத்தில்.

இவ்வளவு செய்தும் ஏன் 262? அளவெடுக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிராஃப்டுக்கு முன்னால் பையன்களை வரிசையில் நிறுத்தி எடை, உயரம், உள்ளங்கை அகலம், கை நீளம், 40 யார்டு ஓட எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் அளப்பார்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. பர்டியின் எண்கள் எதிலும் மேல்வரிசையில் இல்லை. நான்கு வருடம் ஆடிவிட்டதால் 'இவன் இவ்வளவுதான், இனி வளர மாட்டான்' என்றும் ஒரு கணக்கு. அந்த வருடம் அவருக்கு முன்னால் எட்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். இவர் ஒன்பதாவது. நைனர்ஸில் கூட இவருக்காக வாதாடியது குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக அப்போதுதான் சேர்ந்திருந்த பிரையன் கிரீஸி, அவரே முன்னாள் குவார்ட்டர்பேக்.

அளக்க முடியாதது என்ன என்று நான் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன், ஆட்டம் தெரியாதவர்களுக்காகவும். பந்தைக் கையில் வாங்கியதும் குவார்ட்டர்பேக் பின்னால் சில எட்டு வைப்பார். அதற்குள் எதிரணியில் நான்கு பேர், ஆளுக்கு 120 கிலோ, அவரைச் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள். ஏறக்குறைய இரண்டரை வினாடி இருக்கும். அந்த நேரத்தில் அவருடைய ஆட்கள் ஐந்து பேர் ஐந்து பக்கம் ஓடுகிறார்கள், யார் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று பார்த்து எறிய வேண்டும். 'பார்த்து' என்று சொன்னேன், அது தப்பு. பார்த்துவிட்டு எறிந்தால் பந்து போய்ச் சேர்வதற்குள் இடம் அடைந்துவிடும். ஓடுகிறவன் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும்போதே, அவன் எங்கே நின்று திரும்பப்போகிறானோ அந்த வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும். அவன் திரும்புகிறான், பந்து மார்புக்கு வருகிறது. பர்டி ஆட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தெரியும். பின்னங்கால் தரையில் ஊன்றிய கணமே கை மேலே போயிருக்கும், அப்போது அந்த இடத்தில் புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. இந்தத் துணிச்சலுக்கு ஸ்டாப்வாட்ச் கிடையாது. கையில் பீரங்கி இல்லாதவனுக்கு வேறு வழியும் கிடையாது, அரை வினாடி முன்னாலேயே எறிந்தாக வேண்டும்.

சரி, நைனர்ஸ் கதைக்கு வருவோம். அவர்களுக்கு அந்த வருடம் குவார்ட்டர்பேக் தேவையே இல்லை. 2021இல் ட்ரே லான்ஸ் என்கிற பையனை மூன்றாவது ஆளாக எடுத்திருந்தார்கள். அந்த மூன்றாவது இடத்துக்கு ஏற மயாமி அணிக்கு மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் கூடவே ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தார்கள், சொத்தை எழுதிக்கொடுத்த மாதிரி. பழைய ஆள் ஜிம்மி கரோப்பலோவை விற்கப் பார்த்து, விலை போகாமல், சம்பளத்தைக் குறைத்து இரண்டாவது ஆளாக வைத்துக்கொண்டார்கள். பர்டி மூன்றாவது. மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியில் கூடப் பந்து அதிகம் கிடைக்காது. அடுத்த வாரம் வரப்போகிற எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்துக் காட்டி நம் ஆட்களைத் தயார் செய்வதுதான் முக்கிய வேலை.

2022 செப்டம்பர் 18, சீசனின் இரண்டாவது ஆட்டம், லான்ஸ் பந்தோடு ஓடும்போது கணுக்கால் உடைந்தது. கரோப்பலோ வந்தார், நன்றாகப் போனது. டிசம்பர் 4, மயாமியுடன் ஆட்டம், அந்தச் சொத்தை வாங்கிக்கொண்ட அதே மயாமி, முதல் கால்வாசியிலேயே கரோப்பலோவுக்குக் கால் எலும்பு முறிந்தது. மைதானத்தில் ஓர் அமைதி. எனக்கு அது டிவியிலேயே கேட்டது. 13ஆம் எண் சட்டையோடு ஒரு பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அதுவரை எந்த மிஸ்டர் இர்ரெலவன்ட்டும் ஒரு சீசன் ஆட்டத்தில் டச்டவுன் எறிந்தது கிடையாது. இவர் அன்றைக்கு இரண்டு எறிந்தார், 33-17.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில் 'உழைப்பு, நம்பிக்கை, விடாமுயற்சி' என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ட்ரே லான்ஸும் உழைத்தவன்தான். மினசோட்டாவில் மார்ஷல் என்கிற சின்ன ஊர்ப் பையன், பர்டியைவிட நான்கு மாதம் சிறியவன். அவன் கணுக்கால் இன்னொரு பக்கம் மடங்கியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். பர்டி தயாராக இருந்தார், அது அவருடைய பெருமை, அதை யாரும் எடுக்க முடியாது. ஆனால் கதவைத் திறந்தது இரண்டு பேருடைய உடைந்த எலும்பு. உற்சாகமூட்டும் வீடியோக்களில் இந்த எலும்புகள் வருவதே இல்லை, எனக்கு அது கொஞ்சம் அசிங்கமாகப் படுகிறது.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 11, முதல் முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே பர்டி. எதிரில் டாம் பிரேடி. தெரியாதவர்களுக்கு: சூப்பர் பவுல் என்கிற சீசன் இறுதி ஆட்டத்தை ஏழு முறை ஜெயித்தவர், இந்த ஆட்டத்தின் பெரிய சாமி. அப்போது வயது 45. 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் அவரையும் யாரும் கண்டுகொள்ளவில்லை, 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அந்த டிராஃப்ட் நடக்கும்போது பர்டி நாலு மாசக் குழந்தை. பிரேடிக்கும் கதவு திறந்தது இப்படித்தான், 2001இல் ட்ரூ பிளெட்சோ என்கிற மூத்த குவார்ட்டர்பேக் அடிபட்டு விழுந்தபோது. போதாததற்கு அன்று எதிரணியில் பந்தை உதைக்கிற ரயன் சக்கப் 2009இன் மிஸ்டர் இர்ரெலவன்ட். யாராவது கதை எழுதி இப்படி ஆட்களை அடுக்கியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று சொல்லியிருப்பேன்.

பாதி ஆட்டம் முடியும்போது 28-0. கடைசியில் 35-7. இரண்டு டச்டவுன் எறிந்தார், ஒன்று ஓடிப் போட்டார். கேமரா பார்வையாளர் வரிசைக்குப் போனது, அங்கே அப்பா ஷான் பர்டி, கண் சிவந்து, அடக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். மேஜர் லீக் கூப்பிடாத அந்த பிட்சர். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. டிராஃபிக்கைத் திட்டுகிற ஆள் ரசிகனாக மாறியது அந்த நிமிடம் என்று நினைக்கிறேன். என் மனைவி இன்னும் கிண்டல் செய்கிறாள், "ஆட்டத்தைப் பார்த்து இல்ல, அவங்க அப்பா அழுததைப் பார்த்துத்தான் நீங்க விழுந்தீங்க" என்று. உண்மைதான்.

அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. விலாப் பக்கத் தசையில் வலியோடு நான்கே நாளில் சியாட்டில் போய் ஜெயித்தார். வரிசையாக வெற்றி, நாக்அவுட்டில் சியாட்டில், டல்லஸ். 2023 ஜனவரி 29, பிலடெல்பியா. இதில் ஜெயித்தால் சூப்பர் பவுல்.

முதல் முறை பந்து கைக்கு வந்து சில முயற்சிகள்தான் ஆகியிருக்கும். பர்டி எறிவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவருகிற அந்தத் துளி நேரத்தில் ஹசான் ரெடிக் என்கிற பிலடெல்பியா ஆள் எட்டி அந்தக் கையைத் தட்டினார். பந்து எங்கோ போனது. கை முன்னால் போக முயல, தட்டிய விசை பின்னால் இழுக்க, நடுவில் மாட்டியது முழங்கை. கையெல்லாம் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்துவிட்டது. அவருக்குப் பதில் வந்தது ஜாஷ் ஜான்சன், 36 வயது, லீகில் ஊர் ஊராக, அணி அணியாகச் சுற்றி வந்தவர். மூன்றாம் கால்வாசியில் அவருக்குத் தலையில் அடி, மூளை அதிர்ச்சி, டாக்டர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆள் இல்லை. பர்டி மறுபடி உள்ளே வந்தார், எறிய முடியாத கையோடு.

நான் பார்த்த விளையாட்டுகளிலேயே விசித்திரமான ஒரு மணி நேரம் அது. குவார்ட்டர்பேக் இருக்கிறார், ஆனால் எறிய மாட்டார் என்பது மைதானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பந்தை வாங்கி, பக்கத்தில் ஓடுகிறவன் வயிற்றில் திணிப்பார். மறுபடி வாங்குவார், திணிப்பார். சட்டசபையில் பேச்சு வராத உறுப்பினர் கையை மட்டும் தூக்குகிற மாதிரி. 31-7 என்று தோற்றார்கள். இந்த ஒரு ஆட்டத்தின் புண்ணியத்தில், அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ளலாம் என்று லீக் அடுத்த சீசனுக்கு விதியையே மாற்றியது.

இப்போது அப்பாவின் பேஸ்பாலுக்கு வருகிறேன். இந்தத் தசைநார்க் கிழிசல் ஃபுட்பால்காரர்களுக்கு அபூர்வம். இது பிட்சர்களின் வியாதி. 1974இல் டாமி ஜான் என்கிற பிட்சருக்குச் செய்த ஆபரேஷனின் பெயரே டாமி ஜான் சர்ஜரி. உடம்பில் வேறு இடத்திலிருந்து நரம்பு மாதிரி ஒரு துண்டை எடுத்து முழங்கையில் எலும்பைத் துளைத்துக் கட்டுவார்கள், ஆறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் கூட ஆகும். வாழ்நாளெல்லாம் பந்து எறிந்த அப்பாவுக்குத் தெரிந்த காயம் மகனுக்கு வந்தது. சரி செய்ததும் பேஸ்பால் டாக்டர்தான், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் கீத் மைஸ்டர். வீக்கம் வற்றாததால் ஒரு முறை தள்ளிப்போட்டு மார்ச் 10 அன்று திறந்தார். திறந்து பார்த்துத்தான் முடிவு தெரியும்: தசைநார் நைந்திருந்தால் புதிதாகக் கட்ட வேண்டும், அடுத்த சீசன் போச்சு. நல்ல நிலையில் இருந்தால் அதையே தைத்து, மேலே ஒரு நாடா வைத்து வலுப்படுத்தினால் போதும், ஆறு மாதம். நாடா போதுமாக இருந்தது. அதாவது இந்த முறை தசைநார் கிழிந்த விதத்தில் அதிர்ஷ்டம். செப்டம்பர் 10 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் ஆட்டம் ஆடினார், 30-7. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ட்ரே லான்ஸை ஒரே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லஸுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

2023 சீசன் எண்கள்: 4,280 யார்டு, அணியின் சரித்திரத்திலேயே அதிகம். 31 டச்டவுன். குவார்ட்டர்பேக்குகளை மதிப்பிடுகிற ரேட்டிங்கில் லீகிலேயே முதலிடம், 113. இதைவிட எனக்குப் பிடித்த எண் சம்பளம். அந்த வருடம் அவருக்குச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். நமக்கு அது பெரிய காசு, சந்தேகமில்லை. ஆனால் அதே வருடம் ஜோ பர்ரோ என்கிற குவார்ட்டர்பேக் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்கு சராசரி 5.5 கோடி டாலர். 17 ஆட்டத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 32 லட்சம். பர்டியின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமாகவே சுமார் 37 லட்சம்தான்! மூன்று சீசன் முடியாமல் ஒப்பந்தத்தைத் திறக்கக் கூடாது என்பது லீக் விதி, அதனால் அணி நினைத்தாலும் கூட்டிக் கொடுக்க முடியாது. மிச்சமான காசில் மற்ற இடங்களுக்குப் பெரிய ஆட்களை வைத்துக்கொண்டார்கள். அவர் இங்கே வாடகைக்கு வீடு எடுத்து, அதே வருடம் சேர்ந்த ஒரு தடுப்பாளரோடு பங்கு போட்டுக் குடியிருந்தார். நாங்களும் இந்த ஊருக்கு வந்த புதிதில் நாலு பேர் இரண்டு ரூமில் பங்கு போட்டவர்கள்தான், அரிசி டப்பாவில் பெயர் எழுதி வைத்தவர்கள். அதனால் ஆபீசில் தமிழர்கள் நடுவில் அவருக்கு மவுசு தனியாகக் கூடியது.

சுற்றிலும் இவ்வளவு நல்ல ஆட்கள் இருந்தால் யார்தான் எறிய மாட்டார்கள், இவன் கோச் கைல் ஷானஹன் போட்ட கோலத்தில் புள்ளி வைக்கிறவன், என்று ஒரு கட்சி இருக்கிறது. அதில் பாதி நியாயம். மெக்காஃப்ரி, கிட்டில், டீபோ சாமுவேல், ஐயுக் என்று அப்படிப்பட்ட கூட்டம் எல்லாருக்கும் அமையாது. ஆனால் அதே கோச்சும் அதே ஆட்களில் பெரும்பாலோரும் மற்ற குவார்ட்டர்பேக்குகளுக்கும் இருந்தார்களே, அந்த எண்கள் வரவில்லையே. நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி நின்றிருக்கிறேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் ராத்திரி பால்டிமோருக்கு எதிராக நான்கு முறை பந்தை எதிரி கையில் கொடுத்தபோது நானும் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று சொன்னவன்தான். ஒரு மாதம் கழித்து டெட்ராய்ட்டுக்கு எதிராக 24-7 என்று பின்தங்கி, 34-31 என்று திரும்பி வந்தார். அதில் ஒரு பந்து நேராக எதிரணிக்காரன் ஹெல்மெட் கம்பியில் பட்டு எகிறி, ஐயுக் விழுந்து பிடித்து, 51 யார்டு. அதுவும் திறமை என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

2024 பிப்ரவரி 11, சூப்பர் பவுல். நடந்த ஊர் லாஸ் வேகஸ், இரண்டு வருடம் கூட ஆகவில்லை, கடைசியாகப் பெயர் படித்த அதே ஊர். எதிரில் கேன்சஸ் சிட்டி, அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. நைனர்ஸ் கையில் பந்து, எதிரி எல்லைக்கு 9 யார்டு தூரம், மூன்றாவது முயற்சி. அந்த ஒரு முயற்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம். பர்டி பந்தை வாங்கிப் பின்னால் போகிறார். முன்வரிசையில் ஒரு தடுப்பாளர் தப்பான பக்கம் திரும்ப, கிறிஸ் ஜோன்ஸ் என்கிற 140 கிலோ மனிதர் யாரும் தொடாமல் நேராக வருகிறார். ஓரத்தில் நைனர்ஸ் ஆள் ஜென்னிங்ஸ் தனியாக நிற்கிறார். பர்டிக்கு இன்னும் அரை வினாடி கிடைத்திருந்தால் ஆட்டம் வேறு. கிடைக்கவில்லை. அவசரமாக எறிந்தது தரையில் விழுந்தது. உதைத்து மூன்று புள்ளி வாங்கினார்கள், பிறகு மஹோம்ஸ் மெதுவாக நடந்துவந்து மூன்று வினாடி மிச்சமிருக்கும்போது முடித்துவிட்டார், 25-22. அடுத்த நாள் ஆபீசில் யாரும் பேசிக்கொள்ளவில்லை, காபி மெஷின் சத்தம் மட்டும்.

அடுத்த வருடம் அணியே நொண்டியது, 6 வெற்றி 11 தோல்வி. இருந்தாலும் 2025 மே மாதம் புது ஒப்பந்தம் போட்டார்கள்: ஐந்து வருடம், 26.5 கோடி டாலர், அதில் 18.1 கோடி உறுதி. 262ஆவது ஆளுக்கு.

கையெழுத்துப் போட்டு நாலு மாதம், 2025 சீசனின் முதல் ஆட்டம், கால் கட்டை விரலில் அடி. கோடிக்கணக்கில் ஆள் வைத்து, கட்டை விரலுக்குக் காவல் காக்க முடியவில்லை. நடுவில் ஒருமுறை வந்து ஆடிப் பார்த்தார், மறுபடி வலி, மொத்தம் எட்டு ஆட்டம் வெளியே. அவருக்குப் பதிலாக இறங்கியது மாக் ஜோன்ஸ். 2021இல் அந்த மூன்றாவது இடத்துக்கு நைனர்ஸ் சொத்தை எழுதிக்கொடுத்தார்களே, அப்போது அவர்கள் எடுக்கப்போவது ட்ரே லான்ஸை இல்லை, இந்த மாக் ஜோன்ஸைத்தான் என்று டிவியில் பாதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். எடுக்கவில்லை. வேறு ஊர்களில் ஆடி, மங்கி, சொற்பக் காசுக்கு இங்கே இரண்டாவது ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவர். எட்டு ஆட்டம் ஆடினார், ஐந்தில் ஜெயித்தார்.

அப்படி ஒரு வெற்றியின்போது லைட் ரயிலில் என் பக்கத்தில் நின்ற ஒரு சிவப்புச் சட்டைக்காரர், முதுகில் பர்டியின் 13ஆம் எண், தன் நண்பரிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், இவனே போதுமே, எதுக்கு அவனுக்கு அவ்வளவு காசு?